ரோடு, ரைடு, ரெய்டு: ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

காரைக்குடியில் என்னிடம் ஆங்கிலம் படித்து, இப்போது ஒரு நாளிதழின் மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். “ஐயா, ஒரே நாளில் நான்கு செய்திகள் என் மேசைக்கு வந்தன. வருமான வரித்துறை ரெய்டு, போலீஸ் ரெய்டு, போர் விமானங்களின் ரெய்டு, கபடி வீரரின் ரெய்டு. ஆங்கிலத்தில் நான்கிற்கும் ஒரே சொல். தமிழில் நான் நான்கு விதமாக எழுதினேன். இந்தச் சொல்லின் உண்மையான பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, தமிழில் இதற்கென்று ஒரு சொல் இருந்ததா?” என்று கேட்டிருந்தார். கைபேசியிலேயே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடலாம் என்று தொடங்கினேன். நான்காவது வரியிலேயே அது ஆகாது என்று தெரிந்துவிட்டது.

முதலில் சுருக்கமான விடையைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. ரெய்டு என்ற சொல்லுக்குள் தாக்குதலும் இல்லை, சோதனையும் இல்லை. அதன் அடிப்பொருள் ‘குதிரையேறிப் போதல்’ என்பதுதான். நம் பிள்ளைகள் ‘பைக் ரைடு போறோம்’ என்று சொல்கிறார்களே, அந்த ரைடு என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் அது. அந்தப் பெயர்ச்சொல்லுக்கு இன்னொரு வடிவமும் உண்டு, அது ரோடு. தமிழில் எழுதும்போது ரோடு, ரைடு, ரெய்டு மூன்றும் கொம்பும் காலும் மாறிய எழுத்துப் பிழைகளைப் போலத் தோன்றும். பிறப்பிலும் அவை அவ்வளவு நெருக்கமானவைதான்.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ராட்’ என்று ஒரு சொல் இருந்தது. ‘ரீடன்’, அதாவது ஏறிச் செல்லுதல், என்ற வினையிலிருந்து வந்த அச்சொல்லுக்குப் பயணம், குதிரைச் செலவு, படையாகக் கிளம்பிப் போதல் என்று பொருள்கள் இருந்தன. பழைய ஆங்கிலக் கவிஞர்கள் கடலைத் ‘திமிங்கிலத்தின் ராட்’ என்றும் ‘அன்னத்தின் ராட்’ என்றும் பாடினார்கள். இதைத் திமிங்கிலம் போகும் சாலை என்று இன்று மொழிபெயர்த்தால் தார் ரோடு நினைவுக்கு வந்து சிரிப்பு வரும். அவர்கள் நினைத்தது பாதையை அல்ல, போக்கையும் போகும் பரப்பையும். நடந்து போகும் பாதைக்கு அவர்களிடம் வேறு சொற்கள் இருந்தன. ரோடு என்ற சொல் ‘சாலை’ என்ற இன்றைய பொருளில் எழுத்தில் காணப்படுவதே 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான்.

ஒரு சொல் எப்படி இரண்டானது? இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ‘வாழைப்பழம்’ என்று எழுதுகிறோம். சென்னைத் தெருவில் அது ‘வாயப்பயம்’ ஆகிறது, மதுரைக்கும் காரைக்குடிக்கும் வந்தால் ‘வாளப்பளம்’ ஆகிறது. எழுத்தில் ஒன்றாக இருக்கும் ஒலி, வடக்கே ஒரு பக்கமும் தெற்கே ஒரு பக்கமும் சாய்கிறது. இங்கிலாந்திலும் அதுவே நடந்தது. பழைய ஆங்கிலத்தின் நெடிய ஆகாரம், தென் இங்கிலாந்தில் ஓகாரமாக உருண்டது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் உருளாமல், காலப்போக்கில் ஏகாரத்தின் பக்கம் போயிற்று. ‘ஸ்தான்’ என்றிருந்த கல், தெற்கே ‘ஸ்டோன்’, வடக்கே ‘ஸ்டேன்’. ‘ஹாம்’ என்றிருந்த வீடு, தெற்கே ‘ஹோம்’, வடக்கே ‘ஹேம்’. ‘ராட்’ தெற்கே ‘ரோடு’, வடக்கே ‘ரெய்டு’. பெரும்பாலான சொற்களில் வடக்கத்தி வடிவம் அந்த வட்டாரத்தோடு நின்றுவிட்டது. வெகு சிலவே பொது ஆங்கிலத்துக்குள் நுழைந்து, தெற்கத்தி வடிவத்தின் அருகிலேயே வேறு பொருளோடு உட்கார்ந்துகொண்டன. அப்படி உட்கார்ந்தவற்றில் ரெய்டும் ஒன்று.

தெற்கத்தி வடிவமான ரோடு தன் பழைய போர்ப்பொருளை முற்றிலும் தொலைத்துவிடவில்லை. ‘இன்ரோடு’ என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு கட்சி இன்னொரு கட்சியின் வாக்கு வங்கிக்குள் ஊடுருவுகிறது என்ற பொருளில் ஆங்கில நாளேடுகள் அதை எழுதும்போது, உள்ளே ஏதோ சாலை போடுகிறார்கள் போலிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் அதற்குப் ‘பகைவர் நாட்டினுள் குதிரையில் பாய்தல்’ என்பதே பொருள்.

ரோடுக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு. கரைக்கு வெளியே, அலை அடங்கிய நீரில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் இடத்துக்கு ஆங்கில மாலுமிகள் ‘ரோட்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நங்கூரத்தில் நிற்கும் கப்பலை ‘ரைடு’ செய்கிறது என்பது அவர்கள் வழக்கு. அலைமேல் ஏறி இறங்கி நிற்பதால் வந்த பேச்சு. சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் வெகுதூரம் தள்ளி ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ என்ற அந்த நீர்ப்பரப்பில் நின்றன; ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிப் போய் வந்தன. பழைய ஆவணங்களில் இந்தத் தொடரைப் படித்துவிட்டு ‘சென்னைச் சாலைகளில் கப்பல்கள் நின்றன’ என்று மொழிபெயர்த்துவிடும் ஆபத்து இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

அந்தக் கடற்பரப்பில்தான் 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் வந்து நின்றது. கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான அந்த ஜெர்மானியக் கப்பலை ஆங்கிலக் கடற்படையினர் ‘ரெய்டர்’ வகையில் சேர்த்தார்கள். வணிகக் கப்பல்களை வழிமறித்து, மூழ்கடித்துவிட்டு மறைந்துவிடுவது அவ்வகைக் கப்பலின் தொழில். சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அதன் கையில் சிக்கின. சென்னை மேல் ஏறக்குறைய 130 குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அரை மணி நேரத்துக்குள் விளக்கை அணைத்துக்கொண்டு இருளில் போய்விட்டது. ரோட்ஸில் நின்று ரெய்டு செய்த கப்பல்! இரண்டு சொல்லும் ஒரே சொல் என்று அந்த மாலுமிகளுக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ, தமிழுக்கு மட்டும் அன்றிரவு ஒரு புதிய சொல் கிடைத்தது. இன்றும் எங்கள் பக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு நழுவுகிறவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம். ரெய்டர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பை எந்த அகராதிக்காரரும் செய்துவிட முடியாது.

வடக்கத்தி வடிவத்தின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லைப்புறம், இரண்டு அரசர்களுக்கும் முழுமையாக அடங்காத மேய்ச்சல் நிலம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கிருந்த குடிகளின் முக்கியமான செல்வம் மாடு. முக்கியமான தொழில்களில் ஒன்று அடுத்தவன் மாட்டை ஓட்டி வருவது. இரவில் குதிரையேறிப் போய், எல்லை தாண்டி, ஆநிரையை வளைத்து, விடிவதற்குள் தம் பள்ளத்தாக்குக்குத் திரும்பிவிடுவார்கள். இந்தப் போக்குவரத்துக்கு அவர்கள் இட்ட பெயர்தான் ரெய்டு. அரசியல் ஆள்கடத்தலுக்கும் அப்பெயர் வந்தது. 1582இல் பதினாறே வயதான ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸைப் பிரபுக்கள் சிலர் பிடித்துத் தம் காவலில் வைத்துக்கொண்ட நிகழ்ச்சி, வரலாற்றில் ‘ருத்வென் ரெய்டு’ என்றே நிற்கிறது. அதே ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் அரசரானார். எல்லையே இல்லாமல் போனதால் எல்லை தாண்டும் தொழிலும் நசிந்தது. தொழிலோடு சொல்லும் வழக்கொழிந்தது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். அந்த எல்லைப்புறம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்களில் ‘பிளாக்மெயில்’ என்பதும் ஒன்று. இதிலுள்ள மெயிலுக்கும் தபாலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஸ்காட்லாந்து வழக்கில் மெயில் என்றால் நிலத்துக்குக் கொடுக்கும் வாரம், குத்தகை. ‘என் ஆட்கள் உன் மாட்டைத் தொடமாட்டார்கள்’ என்று சொல்லி ஒரு தலைவன் குடியானவனிடம் வாங்கிய வாரம் கருப்பு வாரம். நம் தென்மாவட்டங்களில் களவுபோன மாட்டை மீட்டுத் தருவதற்கென்று ‘துப்புக்கூலி’ வாங்கும் வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேய்ச்சல் நிலமும், எட்டாத அரசும், நல்ல மாடும் ஒன்றாக இருக்கும் இடத்தில் இந்த மாதிரிச் சொற்கள் தாமாகவே முளைக்கும் போலிருக்கிறது.

செத்துப்போன ரெய்டு என்ற சொல்லைத் தோண்டி எடுத்து உயிர்கொடுத்தவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட். எல்லைப்புறப் பழம்பாடல்களைத் தேடித் திரட்டிய அவர், 1805இல் வெளியிட்ட நெடும்பாட்டிலும் பின்னர் நாவலிலும் அதைப் பயன்படுத்தினார். அவரை இங்கிலாந்து முழுவதும் படித்தது. சொல்லும் தெற்கே இறங்கியது. ஒரு மனிதரின் பேனா ஒரு சொல்லை இருநூறாண்டுத் தூக்கத்திலிருந்து எழுப்பியது என்று இவ்வளவு திட்டமாகச் சொல்லக்கூடிய இடங்கள் மொழி வரலாற்றில் அதிகம் இல்லை. அதன்பின் சொல் குதிரையை விட்டு இறங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படையின் திடீர்ப் பாய்ச்சல்களுக்கும், 1895 கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து தோற்ற ஜேம்சன் கூட்டத்துக்கும், சூதாட்ட விடுதிக்குள் புகும் போலீசாருக்கும், பங்குச் சந்தையில் விலையை அடித்து இறக்கும் கூட்டத்துக்கும் அதே சொல் பொருந்தியது. முதல் உலகப்போரில் விமானமும் செப்பலின் என்ற வான்கப்பலும் வந்தபோது ‘ஏர் ரெய்டு’ பிறந்தது.

செட்டிநாட்டுக்கு அந்தச் சொல் 1941 டிசம்பர் 23ஆம் தேதி வந்து சேர்ந்தது எனலாம். அன்று ரங்கூன் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு அப்போது நகரத்தார் வட்டிக்கடைகளின் பெயரில் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம் அது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் அரக்கான், அசாம் மலைவழியாக நடந்தும் வந்தார்கள். எங்கள் தெருவில் அப்படி வந்த ஆயா ஒருவர் என் சிறுவயதில் இருந்தார். அவர் ஏர் ரெய்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘சங்கு ஊதுனதும் குழிக்குள்ள எறங்கிருவோம். போயிட்டானான்னு சங்கு ரெண்டாவது தடவை ஊதுற வரைக்கும் காத்திருப்போம்’ என்பார். கவனியுங்கள்: அவர் நினைவில் தங்கியது வந்தான் என்பது மட்டுமல்ல, போய்விட்டானா என்பதும்தான்.

இந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ரெய்டு என்றால் போய்த் திரும்புதல். போன இடத்தில் தங்கிவிட்டால் அது படையெடுப்பு, ஆக்கிரமிப்பு. பயணத்தைக் குறித்த ஒரு சொல், தாக்குதலைக் குறிக்க வந்த பிறகும் தன் பயணத் தன்மையை விடவில்லை: கிளம்ப வேண்டும், எல்லை தாண்ட வேண்டும், கைக்கு அகப்பட்டதை எடுக்க வேண்டும், திரும்பி வந்துவிட வேண்டும். கடைசிப் படி தவறினால் மற்றவை எல்லாம் வீண். இதனால்தான் கபடிக்கு ஆங்கிலத்தில் விதி எழுதியவர்கள் வேறு எந்தச் சொல்லையும் விட இதைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி என்று நினைக்கிறேன். மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு, 30 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த் தொட்டுவிட்டு, உயிரோடு தன் பக்கம் திரும்ப வேண்டும். எதிராளி ஐந்து பேரைத் தொட்டுவிட்டாலும், பிடிபட்டு அங்கேயே மூச்சை விட்டுவிட்டால் ஒரு புள்ளியும் கிடையாது. திருவிழாக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் குழல்விளக்குக் கட்டி நடத்தும் மின்னொளிக் கபடியில், பிடிபட்ட பையன் நான்கு பேரை முதுகில் சுமந்தபடி சுண்ணாம்புக் கோட்டை நோக்கி விரலை நீட்டுவான். கோட்டில் ஒரு விரல் பட்டால் போதும், ஊரே எழுந்து நிற்கும். ஸ்காட்லாந்து எல்லைப்புறத்து மனிதன் ஒருவனை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்தால், ஆட்டம் புரியாவிட்டாலும் அந்த விரல் எதற்கு நீள்கிறது என்பது அவனுக்குப் புரிந்துவிடும்.

இனி உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. தமிழில் இதற்கென்று சொல் இருந்ததா? ஒரு சொல் மட்டுமல்ல, ஓர் இலக்கணமே இருந்தது. தொல்காப்பியப் புறத்திணையியல் போரை வகுக்கும்போது வெட்சியையும் வஞ்சியையும் வேறு வேறு திணைகளாக வைக்கிறது. வஞ்சி, மண்ணாசையால் வேந்தன் மேல் வேந்தன் செல்வது, அதுதான் படையெடுப்பு. வெட்சி, வேற்றுப் புலத்துக்குள் களவாகப் புகுந்து ஆநிரையைக் கவர்ந்து வந்து காப்பது, அதுதான் ரெய்டு. ஆங்கிலத்தில் வெகுகாலத்துக்குப் பின்னர் சொல்லளவில் ஏற்பட்ட வேறுபாட்டை நம் இலக்கணம் பூவின் பெயரிட்டே பிரித்துவைத்திருந்தது.

வெட்சிக்குத் தொல்காப்பியர் பதினான்கு துறைகள் சொல்கிறார். படை கிளம்பும் அரவம், பாக்கத்தில் நற்சொல் கேட்கும் விரிச்சி, பக்கத்தார் அறியாமல் போகும் செலவு, ஒற்றறியும் வேய், ஊருக்கு வெளியே தங்கும் புறத்திறை, ஊரை அழிக்கும் ஊர்கொலை, ஆநிரையைக் கவரும் ஆகோள். இவை ஏழு. மாட்டைப் பிடித்தாகிவிட்டது, கதை முடிந்தது என்று நாம் நினைப்போம். ஆனால் இன்னும் ஏழு இருக்கின்றன. தொடர்ந்து வருபவரை மாற்றும் பூசல்மாற்று, மாட்டுக்கு நோவில்லாமல் ஓட்டிவரும் நோயின்று உய்த்தல், ஊரார் மகிழத் தோன்றும் நுவலுழித் தோற்றம், கொண்டுவந்து நிறுத்தும் தந்துநிறை, பங்கிடும் பாதீடு, உண்டாட்டு, கொடை. சரிபாதி போவதற்கு, சரிபாதி திரும்புவதற்கு. ரெய்டின் உயிர் திரும்புதலில் இருக்கிறது என்று மேலே நான் சொன்னதற்கு இதைவிட வலுவான துணை எனக்கு வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலில் உள்ள ‘செலவு’ என்ற சொல்லை மறுபடி பாருங்கள். செல்லுதல் என்னும் வினையிலிருந்து செலவு. ரைடு என்னும் வினையிலிருந்து ராட். இரண்டும் பயணம், இரண்டும் மாடு பிடிக்கப் போகும் படையின் போக்கைக் குறித்தவை. ஆங்கிலச் சொல் இரண்டாகக் கிளைத்து, ஒன்று மண்ணில் படுத்துச் சாலையாயிற்று, மற்றது கையில் ஆயுதம் எடுத்தது. தமிழ்ச் சொல் பயணத்தை மறந்து கணக்குப் புத்தகத்துக்குள் போயிற்று. போவது காலாக இல்லாமல் காசாக ஆனதும் செலவுக்கு எதிரே வரவு வந்து உட்கார்ந்துகொண்டது. வரவும் செலவும் இல்லாமல் செட்டிநாட்டில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்ததுண்டா? கல்யாணத்துக்குச் சீட்டு எழுதும்போது மிளகு சீரகத்தைக்கூடச் ‘செலவு சாமான்’ என்றுதான் எழுதுகிறோம். பாதீட்டின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல: கவர்ந்துவந்த மாட்டைப் பங்கிட்டதைக் குறித்த அதே சொல்லை, இன்று இலங்கைத் தமிழர் அரசாங்கத்தின் ஆண்டு பட்ஜெட்டுக்கு வழங்குகிறார்கள். நாம் வரவு செலவுத் திட்டம் என்கிறோம். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் நிதியமைச்சர்கள் ஒரே வெட்சித் துறைச் சொற்களை வைத்துத்தான் உரை வாசிக்கிறார்கள்.

ஆகோள் என்பது வெறும் புலவர் வழக்கா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் ஒன்றில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘கூடல் ஊர் ஆகோள்’ என்றே வெட்டியிருக்கிறது. கூடலூர் ஆகோளில் விழுந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் அது. இலக்கணம் சொன்ன சொல்லையே ஊரார் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தவன் போனான், திரும்பவில்லை. அதனால் அவனுக்குக் கல்.

ஆனால் வருமான வரித்துறைச் செய்தியில் ஆகோள் என்று எழுத முடியாதே! எனவே அந்த முதல் செய்திக்கு வருகிறேன். இங்கு ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: நம் வரிச்சட்டம் ரெய்டு என்ற சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 132ஆம் பிரிவில் சொன்னது தேடுதலும் கைப்பற்றுதலும். 133ஏ பிரிவில் சொன்னது வேறு. அது தொழில் நடக்கும் இடத்தில் கணக்கையும் சரக்கையும் பார்த்துக் குறித்துக்கொள்ளும் சர்வே. சர்வேக்கு வந்தவர்கள் ரொக்கத்தையோ நகையையோ எடுத்துச் செல்ல முடியாது. பத்திரிகையில் இரண்டும் ரெய்டு என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. சர்வே நடந்த கடைக்காரருக்கு ‘ரெய்டு’ என்று செய்தி வந்தால், ஊரில் அவர் மதிப்பு அன்றே ஒரு படி இறங்கிவிடும். மொழிபெயர்ப்பாளர் கவனம் வைக்கவேண்டிய இடம் இது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அத்தகைய தேடுதல் நடந்தபோது, அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி வேண்டும் என்று அதிகாரிகள் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். காலை ஏழு மணிக்கு முகப்பில் நுழைந்தவன் நள்ளிரவுக்குப் பிறகுதான் வீடு திரும்பினேன். முதலில் ஆணையைக் காட்டி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு வளவைச் சுற்றியுள்ள அறைகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்கள். நம் வளவு வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு கூரையின் கீழ் எத்தனையோ புள்ளிகள், அதாவது மணமான குடும்பங்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனிப் பூட்டு. சாண் நீளச் சாவிகளைக் கொத்தாகக் கொண்டுவந்து பட்டாலையில் வைத்தார் வீட்டு ஆச்சி. ஏழாவது அறைக்கு வந்ததும், ‘இதுக்குச் சாவி சிங்கப்பூர்ல இருக்குதுங்க தம்பி, அது எங்க பங்காளி வீட்டு அறை’ என்றார். இளைய அதிகாரி பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அந்த அறைக்குச் சீல் வைக்கச் சொல்லிவிட்டு எட்டாவது அறைக்கு நகர்ந்தார்.

மாலையில் மதிப்பீட்டாளர் வந்து நகைகளை நிறுத்தார். செட்டிநாட்டுத் தாலியான கழுத்திருவை மஞ்சள் கயிற்றோடு அப்படியே தராசில் வைக்க ஆச்சி சம்மதிக்கவில்லை. கயிற்றின் எடையைக் கழித்துக் குறிக்கச் சொல்லி நின்றுவிட்டார். மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரையிலான நகையைத் தேடுதலின்போது கைப்பற்ற வேண்டாம் என்று 1994 மே மாதத்தில் நேரடி வரிகள் வாரியம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டிருந்தது. 500 கிராம் என்பது அறுபத்திரண்டரைப் பவுன். இது கைப்பற்றுவதற்கான அளவுதானே தவிர, கணக்குக் கேட்கக் கூடாது என்பதற்கான அளவு அல்ல. இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கடைசியில் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவான பஞ்சநாமாவை எழுதினார்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், எடுத்தது, விட்டது, சீல் வைத்தது எல்லாம் அதில் இருந்தன. கையெழுத்துப் போடுவதற்குமுன் முழுவதும் படித்தேன். ரெய்டு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் விடியற்காலையில் தெருமுனை டீக்கடையில் என்னை நிறுத்தி எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, ‘சார், ரெய்டு முடிஞ்சு போயிட்டாங்களா?’ என்பதுதான். அந்த ஆயாவின் சங்குதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நாளேடுகள் இதற்கு எழுதும் ‘சோதனை’ எனக்கு உடன்பாடானதே. தூய்மை செய்தல் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்து, தமிழில் ஆராய்ந்து பார்த்தல் என்று ஆகி, ‘ஆண்டவா, என்ன சோதனை’ என்னும்போது துன்பமாகவும் ஆகிவிட்ட சொல் அது. வீட்டுக்காரருக்கு இந்தக் கடைசிப் பொருளும் சேர்ந்தே விளங்கும். ‘அதிரடிச் சோதனை’ என்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே அதிர்ந்ததும் இல்லை, அடித்ததும் இல்லை. பெரும்பாலும் எண்ணியதும் எழுதியதும்தான்.

ஆகவே உங்கள் நான்கு செய்திகளுக்கு என் யோசனை இது. வரித்துறைக்குச் சோதனை; சட்டப்படியான தேடுதல் என்று தெரிந்தால் ‘தேடுதல் சோதனை’, சர்வே என்றால் ‘கணக்காய்வு’ அல்லது சர்வே என்றே. போலீசுக்குத் ‘திடீர்ச் சோதனை’. முன்னறிவிப்பு இல்லாமை அதில்தான் செய்தி. விமானத்துக்கு ‘வான் தாக்குதல்’ போதும். ஆனால் குண்டு வீசிவிட்டுத் திரும்பின என்பதை வாக்கியத்தில் எங்காவது வைத்துவிடுங்கள். கணினிக் கடைக்காரர் சொல்லும் ரெய்டு உங்கள் மேசைக்கு வந்தால் அதை மொழிபெயர்க்க வேண்டாம். பல வட்டுகளைச் சேர்த்துத் தகவலைக் காக்கும் முறைக்கு 1980களின் இறுதியில் பெர்க்லி ஆய்வாளர்கள் வைத்த முதலெழுத்துப் பெயர் அது. இந்தக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை.

கபடிச் செய்தியில் மட்டும் நீங்கள் எழுதியிருந்த ‘தாக்குதல் ஆட்டக்காரர்’ என்பதை எடுத்துவிடுங்கள். ரெய்டு என்றே போட்டாலும் இன்று யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். தமிழ்தான் வேண்டும் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எப்போதோ கிடைத்துவிட்டது. ‘அடுத்து யாருடா பாடிப் போறது?’ என்றுதான் கேட்பார்கள்.